கைக்குழந்தையோடு ரியோகானில் தங்கப் போகிறீர்களா?

ஜப்பானின் மரபு விடுதியான ரியோகானில் ஓட்டல் மாதிரி அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள மாட்டார்கள். பிற்பகல் 3 மணிக்கு உள்ளே போனால் மறுநாள் காலை 10 மணிக்கு வெளியேறும்வரை குளியல், இரவு உணவு, படுக்கை விரிப்பது, காலை உணவு என்று எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் உண்டு. கட்டணமும் அறைக்கு இல்லை, தலைக்கு இவ்வளவு என்று. யாருக்கு எத்தனை தட்டு, எந்தத் தட்டில் என்ன என்பதைச் சமையலறை முன்பே முடிவு செய்து பொருள் வாங்கிவிடும். சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒரு வாரம் முன்பு கேட்டால் பெரும்பாலானவற்றைச் செய்து தருவார்கள். வாசலில் போய் நின்று கேட்டால், மன்னிப்புக் கேட்டபடியே முடியாது என்பார்கள். அதனால் உண்மையான வேலை முழுவதும் பதிவு செய்யும்போதுதான்.

பதிவில் முதலில் இடறுவது குழந்தைக் கட்டணம். ஜலான், ரகுதென் டிராவல் போன்ற உள்நாட்டுத் தளங்களில் பள்ளி வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு நான்கு வகை இருக்கும்: உணவும் படுக்கையும், உணவு மட்டும், படுக்கை மட்டும், இரண்டும் வேண்டாம். பல ரியோகான்கள் பின்பற்றும் பழைய கணக்குப்படி, பெரியவர்களுக்கு இணையான உணவும் படுக்கையும் என்றால் கட்டணத்தில் 70 சதவீதம், குழந்தை உணவும் படுக்கையும் என்றால் 50, படுக்கை மட்டும் என்றால் 30. இரண்டும் வேண்டாம் என்றால் சில இடங்களில் இலவசம், சில இடங்களில் ஒரு சிறு தொகை. வெளிநாட்டுப் பயணத் தளங்களில் வழக்கமாகக் குழந்தையின் வயதை மட்டும்தான் கேட்பார்கள். அங்கே '3 வயது' என்று போட்டுவிட்டால் பிள்ளைக்குச் சாப்பாடு உண்டா, படுக்கை உண்டா என்பது ரியோகானுக்குத் தெரியாது. இரவு உணவுக்கு உட்காரும்போது இரண்டு பேருக்கு மட்டும் பரிமாறியிருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டியதுதான். பதிவு முடிந்த கையோடு, நான்கில் எது வேண்டும் என்று தனியாக எழுதிக் கேட்டுவிடுங்கள்.

எதைத் தேர்வு செய்வது? இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டும் வேண்டாம் என்பதே போதும், உங்கள் படுக்கையிலேயே படுக்கட்டும். மூன்று வயதுக்கு மேல் தனிப் படுக்கை வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு மீட்டர் அகல மெத்தையில் இரவெல்லாம் உதை வாங்குவீர்கள். உணவைப் பொறுத்தவரை, பிள்ளை எல்லாம் சாப்பிடும் என்றால் ஒகோசாமா லஞ்ச் எனப்படும் குழந்தைத் தட்டை வாங்கலாம். சைவப் பிள்ளை என்றால் அதற்குக் கொடுக்கும் பணம் வீண். படுக்கை மட்டும் என்று போட்டு, வெறும் சோறு ஒரு கிண்ணம் கூடுதலாகத் தாருங்கள் என்று கேட்பதே எங்கள் பரிந்துரை.

அந்தக் குழந்தைத் தட்டில் என்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஹம்பாகு எனப்படும் தட்டையான இறைச்சி வறுவல், இறால் பொரியல், முட்டை மூடிய சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு புட்டிங் என்பதுதான் வழக்கமான அமைப்பு. அந்த ஹம்பாகு பெரும்பாலும் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கலந்து அரைத்தது. இரண்டில் ஒன்றைச் சாப்பிடாத வீடு என்றாலும் முன்பே சொல்லி மீனாகவோ கோழியாகவோ மாற்றச் சொல்ல வேண்டும்.

சைவர்கள் 'சைவம்' என்று ஒரே சொல்லில் எழுதினால் போதாது. மீன் சைவத்தில் சேர்த்தி என்று நினைக்கும் சமையல்காரர்கள் உண்டு, மீனை விட்டாலும் தாஷியை விட மாட்டார்கள். உலர்ந்த பொனிட்டோ மீனைச் சீவிக் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு அது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, உருட்டிய முட்டை, சவான்முஷி எனப்படும் ஆவியில் வேகவைத்த முட்டைக் கலவை, ஏன் தோஃபுவின் மேல் ஊற்றும் சாஸ் வரை அதுதான் அடித்தளம். 'இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் தாஷி வேண்டாம், கடற்பாசித் தாஷி பரவாயில்லை, முட்டை சாப்பிடுவோம்' என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். சில ரியோகான்கள் முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிடும். அது நல்லதுதான், வேறு இடம் பார்க்க நேரம் இருக்கும்.

முழுச் சைவம் வேண்டும் என்றால் வகாயாமா மாகாணத்தில் உள்ள கோயாசான் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் கூகாய் நிறுவிய பௌத்தத் தலம், 50-க்கும் மேற்பட்ட கோயில்களில் தங்கலாம். அங்கே பரிமாறும் ஷோஜின் உணவில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. இரவு உணவு 5.30 மணிக்கே தொடங்குவதால் சின்னப் பிள்ளைக்கு மிகவும் வசதி. ஆனால் பல கோயில்களில் கழிப்பறை தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும், அறைகளுக்கு நடுவே காகிதம் ஒட்டிய தள்ளுகதவுதான் சுவர். 800 மீட்டர் உயரம் என்பதால் மார்ச் மாதத்திலும் இரவில் நடுங்கும். நள்ளிரவில் விழித்து அழும் வயதுப் பிள்ளையோடு அங்கே போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒவ்வாமை இருந்தால் அதையும் இதே கடிதத்தில் எழுத வேண்டும். ஜப்பானில் சோபா எனப்படும் பக்வீட் தானிய ஒவ்வாமை தீவிரமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் சோபா சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பதால் ஒவ்வாமை உண்டா என்பதே தெரியாது. முதல் முறையாகச் சோபா நூடுல்ஸ் கொடுத்துப் பார்க்க மலைக்கிராமத்து ரியோகான் சரியான இடம் இல்லை. இன்னொன்று, பழைய பாணித் தலையணைகளுக்குள் சோபாத் தோல்தான் அடைத்திருக்கும். தலையைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அதுதான். ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் வேறு தலையணைகளை அறையில் வைக்கச் சொல்லுங்கள், பெரியவர்களுக்கும் சேர்த்து.

அனுப்பும் கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். மொழிபெயர்ப்புச் செயலியில் சுருக்கமான வாக்கியங்களாகப் போட்டு ஜப்பானிய மொழியில் அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும். குழந்தையின் வயது மாதக் கணக்கில், டயப்பர் போட்டிருக்கிறதா இல்லையா, சாப்பாடு, தனிக்குளியல் பதிவு, இரவு உணவுக்கு இருக்கும் முதல் நேரம், ரயில் நிலையத்துக்கு வண்டி எத்தனை மணிக்கு வேண்டும். இவ்வளவுதான். டயப்பர் விஷயத்தை விட்டுவிடாதீர்கள், குளியல் முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது. பள்ளி வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை ஏற்காத ரியோகான்களும் உண்டு, 12 வயது வரை ஏற்காதவையும் உண்டு. அதைப் பதிவுக்கு முன்பே பார்க்க வேண்டும். மாறாக, குழந்தைகளுக்கு ஏற்பாடு உள்ள இடங்களுக்கு 'வெல்கம் பேபி நோ ஒயாதோ' என்ற சான்று தரும் திட்டம் ஒன்று உண்டு. குழந்தை ஆடை நிறுவனமான மிகி ஹவுஸ் குழுமம் நடத்துவது. முதல் முறை போகிறவர்கள் அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் தாழ்வான நாற்காலி, டயப்பர் தொட்டி, குழந்தை சோப்பு என்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அறையில், தவழும் பிள்ளைக்கு ததாமி பாய்த் தரையைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை. கட்டில் இல்லை, விழுவதற்கு இடமும் இல்லை. எட்டுப் பாய் அறை என்றால் ஏறத்தாழ 13 சதுர மீட்டர். மூன்று ஃபுதோன் மெத்தை விரித்தபின் நடக்க இடம் இருக்காது, பத்துப் பாய் கேளுங்கள். கினோசாகி, கின்சான் போன்ற வெந்நீர் ஊற்று ஊர்களின் பழைய மரக்கட்டட ரியோகான்கள் படத்தில் அழகாக இருக்கும். உள்ளே செங்குத்தான படிக்கட்டு, மின்தூக்கி இருக்காது. தரைத்தளம் அல்லது மூலையறை என்று கேட்பதில் இரண்டு லாபம்: படி ஏற வேண்டாம், பிள்ளையின் ஓட்டம் கீழே உள்ளவர்களின் தலையில் இடியாக விழாது.

பெரிய பெட்டிகளை ரியோகானுக்குக் கொண்டுபோகாதீர்கள். பெட்டிச் சக்கரம் ததாமியைக் கிழிக்கும், அறைக்குள் திறந்து வைக்கவும் இடமிருக்காது. தக்யூபின் எனப்படும் கூரியர் சேவையில் அடுத்த நகரத்து ஓட்டலுக்கு நேராக அனுப்பிவிட்டு, ஓர் இரவுக்கான பையோடு போவதே முறை. டயப்பரைக் கணக்குக்கு மேல் நாலைந்து கூடுதலாக அந்தப் பையில் வையுங்கள். ஜப்பானில் டயப்பர் மருந்துக்கடைகளில்தான் நன்றாகக் கிடைக்கும், வெந்நீர் ஊற்று ஊர்களில் அந்தக் கடையே இல்லாமல் இருக்கலாம். தள்ளுவண்டியை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும்.

அறைக்குள் நுழைந்ததும் ஐந்து நிமிடம் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, மற்றவர் இடத்தை ஒழுங்குபடுத்துவது நல்லது. தாழ்ந்த மேசையில் கொதிநீர்க் குடுவையும் தேநீர்ச் சாமானும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கும், முதலில் அதை அலமாரியில் ஏற்றுங்கள். வரவேற்புக்கு வைத்திருக்கும் இனிப்பு மோச்சி எனப்படும் அரிசி மாவுப் பண்டமாக இருந்தால் பெரியவர்கள் உடனே தின்றுவிடுவது உத்தமம். ஒட்டும் தன்மையால் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைக்கும். அலங்கார மாடத்தில் உள்ள பூச்சாடியை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நகாய் எனப்படும் பணிப்பெண் தாமே எடுத்துப் போவார். சன்னலோரத்தில் இரண்டு நாற்காலியும் சின்ன மேசையும் போட்ட இடம் ஒன்று இருக்கும். ஏறிச் சன்னலைத் திறக்கும் வயதுப் பிள்ளை என்றால் நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்துங்கள். ஷோஜிக் கதவின் காகிதத்தில் விரலை விட்டால் ஓட்டை விழும், அந்த டப் சத்தம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கதவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளி ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்தால் ஆபத்து பாதியாகக் குறையும்.

இனி குளியல். டயப்பர் விடாத பிள்ளையை எல்லாரும் இறங்கும் பொது வெந்நீர்த் தொட்டியில் இறக்கக் கூடாது என்பது பெரும்பாலான இடங்களில் விதி. நீச்சல் டயப்பருக்கும் அனுமதியில்லை. எதிர்ப்பாலரின் குளியலறைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும் வயதும் குறைந்துவிட்டது. 2020 டிசம்பரில் ஜப்பான் சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதலை மாற்றி, ஏறத்தாழ 7 வயதிலிருந்து வேண்டாம் என்றது. தோக்கியோ 2022 ஜனவரியில் அதைத் தன் விதியில் சேர்த்தது. அப்பாவோடு மட்டும் வந்திருக்கும் 7 வயதுப் பெண்பிள்ளைக்குத் தனியாகப் பெண்கள் பக்கம் போவதைத் தவிர வழி இல்லை. இதற்கெல்லாம் தீர்வு கஷிகிரி எனப்படும் தனிக்குளியல். 40, 50 நிமிடத்துக்குக் குடும்பமாக உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளலாம். சில இடங்களில் இலவசம், பல இடங்களில் சில ஆயிரம் யென். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் ஆடையின்றிக் குளிக்கக் கூசுகிற நம்மவர்களுக்கும் இதுதான் வழி. அறையிலேயே ஊற்றுத் தொட்டி உள்ள அறை கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்தக் கதவின் தாழ் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் இரவும் பகலும் நிறைந்தே இருக்கும்.

ஊற்று நீர் வழக்கமாக 41, 42 டிகிரி இருக்கும். சின்னப் பிள்ளைக்கு 38, 39 போதும். தனிக்குளியலில் தண்ணீர்க் குழாய் இருந்தால் திறந்துவிட்டு ஆற்றலாம். இல்லாவிட்டால் பதிவு நேரத்துக்கு அரைமணி முன்பே ஆற்றி வைக்கச் சொல்லலாம். முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு தொட்டியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முன்னும் பின்னும் தண்ணீர் அல்லது முகிச்சா எனப்படும் பார்லித் தேநீர் கொடுங்கள், அதில் காஃபீன் இல்லை. இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் முதலில் தாம் குளித்து முடித்துத் தொட்டியில் பிள்ளையை வாங்கிக்கொள்வதும், மற்றவர் உடை மாற்றும் இடத்தில் துண்டோடு காத்திருப்பதும் எளிது. மூவரும் ஒன்றாக இறங்கினால் ஒன்றாகத்தான் ஏற வேண்டியிருக்கும். அப்போது ஈரப் பிள்ளை வழுக்குத் தரையில் ஓடும்.

எந்த ஊர் நீர் என்பதும் முக்கியம். குசாத்சுவின் நீர் கடும் அமிலம், பி.எச் 2 அளவு. ஈரக் கையால் பிள்ளை கண்ணைக் கசக்கினால் எரியும், டயப்பர் புண் இருந்தால் அலறும். குழந்தையோடு முதல் ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்றுக் குளியல், என்றால் கிஃபு மாகாணத்து கெரோ போன்ற மென்மையான காரநீர் ஊர்கள் ஏற்றவை. தரை மட்டும் இன்னும் வழுக்கும். அரிமாவின் 'பொன் ஊற்றில்' இரும்பும் உப்பும் அதிகம், வெள்ளைத் துண்டு துருநிறம் ஆகிவிடும்.

கந்தக ஊற்றுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. பிள்ளையின் வெள்ளி அரைஞாணையும் கொலுசையும் அறையிலேயே கழற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடுங்கள். நீரில் நனையவே வேண்டாம், காற்றில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு பட்டாலே வெள்ளி பழுப்பேறி, பிறகு கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அப்படிக் கறுத்தால் பதற வேண்டாம். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் நகையை வைத்து, சமையல் சோடா கரைத்த சுடுநீரை ஊற்றினால் கறுப்பு பெரும்பாலும் விட்டுவிடும். தங்கத்துக்கு அவ்வளவு பயமில்லை, என்றாலும் கழற்றிவைப்பதே மேல். கறுப்புக் கயிறு கட்டியிருந்தால் கவலையே இல்லை.

அன்றைய நேரத்தை இப்படி அமைத்தால் பொருந்தும்: சரியாக 3 மணிக்கு நுழைவது, 3.30 அல்லது 4 மணிக்குத் தனிக்குளியல், 5.30 அல்லது 6-க்கு உணவு, 7.30-க்குத் தூக்கம். 3 மணிக்கு முன்னால் அறை கிடைக்காது என்பதால் மதியத் தூக்கத்தை ரயிலில் முடித்துக்கொள்ள வேண்டும். உணவுக்குப் பிறகு குளியல் என்று வைத்தால் சோர்ந்து அழும் பிள்ளையோடு போராட வேண்டிவரும்.

கைசெகி எனப்படும் இரவு விருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் நடக்கும். தட்டுத் தட்டாக வரும், சோறு கடைசியில்தான் வரும். பசித்த பிள்ளை அதுவரை காத்திருக்காது. உட்கார்ந்த உடனே 'கோஹான் சாகி நி ஒனெகாய்ஷிமஸ்', சோற்றை முதலில் கொடுங்கள், என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சோறு சற்று ஒட்டும், ஆனால் பருப்புப் பொடியோ தயிரோ போட்டுப் பிசைய வாகானது. வெறும் தயிர் பெரும்பாலான கன்வீனியன்ஸ் கடைகளில் கிடைக்கும், சர்க்கரை சேர்க்காதது என்று பார்த்து வாங்குங்கள். பொடி ஊரிலிருந்து கொண்டுவரலாம். கறி, கோழி கலந்த உணவு எதையும் கொண்டுவராதீர்கள், விமான நிலையத் தனிமைப்படுத்தல் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

மேசையில் ஒவ்வொருவர் முன்னும் சின்ன அடுப்பு ஒன்று வரும். அதற்குள் ஒரு கட்டி திட எரிபொருள், மேலே சட்டியோ வாணலியோ. நகாய் தீ மூட்டிவிட்டுப் போய்விடுவார், கட்டி தீரும்வரை இருபது நிமிடம்போல எரியும். அந்தச் சுடர் வெளிறிய நீலம், விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. இடையில் அணைக்க எளிய வழியும் இல்லை. பிள்ளைக்கு எதிர்ப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள், அல்லது சமையலறையிலேயே வேகவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரியோகானில் குழந்தையோடு உண்மையாகவே பயப்பட வேண்டிய ஒன்று உண்டென்றால் இதுதான்.

அறையிலேயே உணவா, தனிச் சாப்பாட்டு அறையா என்று கேட்டால், ஒன்றரை வயது வரை அறைதான் நல்லது, பாதியில் தூங்கிவிட்டால் அப்படியே கிடத்தலாம். அதற்கு மேல் தனிச் சாப்பாட்டு அறை. நீங்கள் சாப்பிடும் நேரத்தில் அவர்கள் ஃபுதோன் விரித்துவிடுவார்கள், திரும்பி வந்ததும் படுக்க வைத்துவிடலாம்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெரியவர்களின் கனமான போர்வைக்குள் படுக்கவைக்க வேண்டாம். தனியாக விரித்த மெத்தையில், தலையணை இல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்க உடையில் படுக்கட்டும். யுகாதா எனப்படும் மெல்லிய அங்கி அவிழ்ந்துகொண்டே இருக்கும் என்பதால் தூங்க ஜின்பேய் எனப்படும் மேல்சட்டை, கால்சட்டை வசதி, பல இடங்களில் குழந்தை அளவில் கிடைக்கும். யுகாதாவே போடுவதானால் இடது மடிப்பு வலதின் மேல் வர வேண்டும், மாற்றிப் போடுவது இறந்தவர்களுக்கு. படுக்கை நனைக்கும் வயது என்றால் நீர் புகாத விரிப்பைக் கேட்டு வாங்குங்கள். ததாமியில் பாலோ சிறுநீரோ சிந்தினால் ஈரத்துணியால் தேய்க்காதீர்கள், உள்ளே இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு உடனே வரவேற்பில் சொல்லுங்கள். இரவில் காய்ச்சல் கண்டால் வரவேற்பில் சொல்லி #8000-க்கு அழைக்கச் சொல்லலாம். குழந்தைகளுக்கான மருத்துவ ஆலோசனை எண் அது, பேச்சு ஜப்பானிய மொழியில்தான். ஆம்புலன்சுக்கு 119.

அதிகாலை 5 மணிக்கே எழுந்துவிடும் பிள்ளையை ஆள் இல்லாத நேரத்தில் பெரிய குளியலறைக்குக் கூட்டிப் போகலாம், டயப்பர் விட்ட பிள்ளை என்றால். போகும்முன் வாசல் திரையைப் பாருங்கள், பல ரியோகான்களில் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள். காலை உணவுக்குப் போகும் நேரத்தில் படுக்கையைச் சுருட்ட ஆள் வருவார்கள், பிள்ளை தூங்குகிறது என்றால் முதல் நாள் இரவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது பயன்படுத்திய டயப்பர்களை ஒரே பையில் கட்டி, எங்கே போடுவது என்று கேளுங்கள், அறைத் தொட்டியில் விடாதீர்கள். கணக்குச் சீட்டில் குளியல் வரி என்று பெரியவர் ஒருவருக்குப் பொதுவாக 150 யென் சேர்ந்திருக்கும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலான ஊர்களில் அது இல்லை, போட்டிருந்தால் கேட்கலாம்.